சுவடியும் அதன் விளக்கக் குறிப்பும்

திருக்கோயில் வழிபாட்டு முறைகளை வகுத்துரைக்கும் ஆகமங்கள் ஓலைச்சுவடிகள் வாயிலாகவே நம்மை வந்தடைந்தன. புதுச்சேரியிலுள்ள சைவச் சுவடித் தொகுதிகள் 2005ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றமை அன்பர் பலரும் அறிந்ததே.

சுவடியைக் காப்பது போன்றே அதன் விளக்கக் குறிப்பைத் திருத்தி எழுதுவதும் இன்றியமையாததாகும். ஒரே கட்டில் பல நூல்கள் அடங்கியிருத்தல் உண்டு. முதல் ஏட்டை மட்டும் நோக்கிப் பெயரிட்டால் ஏனைய நூல்கள் இருந்தும் இல்லாதனவாகும். 'கிரந்தம்' என்று மட்டும் குறித்தால் எழுத்து விளங்குமேயன்றி மொழி விளங்காது. ஆதலின் இக்கால முறையில் நூற்பெயர், ஆசிரியர், மொழி, எழுத்து, ஏட்டெண்ணிக்கை, அளவு, தொடக்கம், முடிவு, சுவடியின் நிலை, கிடைத்த இடம் ஆகியவற்றைத் தனித்தனியே குறித்தல் வேண்டும். ஆயினும் பழைய எண்ணை நீக்கலாகாது. முன்னை ஆய்வாளர் அதனைக் கொண்டே மேற்கோள் காட்டியுள்ளனர்.

இல்லத்தில் சுவடி வைத்திருக்கும் அன்பர்கள் அதனை ஆற்றில் விடாது சுவடி நூலகத்தில் சேர்ப்பிக்க வேண்டுகிறோம். எவ்வூரில், எவர் வழியாக வந்தது என்பதையும் உடன் எழுதித் தருக. ஏட்டில் இல்லாத அச்செய்தியைப் பின்னர் எவரும் கூற இயலாது. சுவடி காத்தலும் திருத்தொண்டேயாம்.