தூங்க நேரம் கேட்கும் என்ஜின் டிரைவர்கள்!
16-ம் 30-ம் சேர்ந்தால் எவ்வளவு? தீராத கணக்கு

பனமரத்துப்பட்டி,

பனமரத்துப்பட்டிக்குப் பக்கத்தில் மல்லூர் ரெயில் நிலையம். ராத்திரியில் கூட்ஸ் வண்டி ஊதிக்கொண்டு போகும். ஊர் புரண்டு படுத்துத் தூங்கும். என்ஜினில் இருக்கும் 2 பேர் மட்டும் கண் அசரக் கூடாது.

அவர்கள் டூட்டிக்கு வருமுன் எவ்வளவு நேரம் தூங்கினார்கள்? பயணிகள் கேட்க வேண்டிய கேள்வி இது.

போன் வந்தால் புறப்பாடு

என்ஜின் டிரைவர்களுக்கு இப்போது "லோகோ பைலட்" என்று பெயர். மெயில், எக்ஸ்பிரஸ் ஓட்டுகிறவர்களுக்கு "லிங்க்" என்ற அட்டவணை உண்டு. எந்த நாள் எந்த வண்டி என்பது முன்கூட்டியே தெரியும்.

கூட்ஸ் டிரைவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. முன்பு "கால் பாய்" நோட்டுப் புத்தகத்தோடு வந்து கதவைத் தட்டுவார். இப்போது செல்போன் அடிக்கிறது. அது நடுப்பகலாகவும் இருக்கும், நடு ஜாமமாகவும் இருக்கும். "அப்பா எப்போ வருவாரு?" என்று பிள்ளை கேட்டால், வீட்டில் யாருக்கும் பதில் தெரியாது.

9 மணியா, 11 மணியா?

10 மணி நேர வேலை என்பது பழைய கோரிக்கை. 1973-ல் டிரைவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்போதைய ரெயில்வே மந்திரி எல்.என்.மிஸ்ரா அதை ஒத்துக்கொண்டார். 1974 மே மாதம் நடந்த மாபெரும் ரெயில்வே ஸ்டிரைக்கிலும் வேலை நேரப் பிரச்சினை எழுந்தது.

2016-ல் ரெயில்வே போர்டு போட்ட உத்தரவுப்படி, ஒரே மூச்சில் வண்டி ஓட்டுவது சாதாரணமாக 9 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. முன்னறிவிப்புக் கொடுத்து நீட்டலாம். ஆனால் கையெழுத்துப் போட்டு டூட்டி ஏறியது முதல் இறங்குவது வரை 11 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது.

46 மணி நேரம்

தகராறு ஓய்வில்தான். நீண்ட டூட்டி முடித்து வீடு வந்தால் 16 மணி நேர ஓய்வு. வார ஓய்வு 30 மணி நேரம். அந்த 16-ம் 30-க்குள் அடக்கம் என்கிறது நிர்வாகம். இரண்டையும் கூட்டி 46 மணி நேரம் கொடு என்கிறார்கள் டிரைவர்கள்.

2024 ஜூனில் தென்னக ரெயில்வே டிரைவர்கள் இதற்காகப் போராட்டத்தில் இறங்கினார்கள். தொடர்ந்து 2 இரவுக்கு மேல் டூட்டி போடாதே, 48 மணி நேரத்துக்குள் வீட்டுக்கு அனுப்பு என்றும் கேட்டார்கள்.

பாதை பழக வேண்டும்

தூக்கம் மட்டும் போதாது. ரோட்டில் லாரி ஓட்டுகிறவர் வழி கேட்டுப் போகலாம். ரெயிலில் அது நடக்காது. மல்லூர், ராசிபுரம், நாமக்கல் வழியாகப் போகும் சேலம்-கரூர் பாதையில் 2013-ல்தான் பயணிகள் ரெயில் ஓடத் தொடங்கியது. இப்படிப் புதுப் பாதை வந்தால், எத்தனை வருட சர்வீஸ் போட்ட டிரைவரும் முதலில் பழக வேண்டும்.

சிக்னல் எங்கே, ஏற்றம் எங்கே, கேட் எங்கே என்று பகலிலும் இரவிலும் போய்ப் பார்த்து, "பாதை தெரியும்" என்று கையெழுத்துப் போட வேண்டும். பல மாதம் அந்தப் பக்கம் போகாமல் இருந்தால் மறுபடியும் பழக வேண்டும்.

பயிற்சி குறைந்தால் என்ன ஆகும்?

2024 ஜூன் 17-ந் தேதி மேற்கு வங்காளம் ரங்கபாணி அருகே, காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸ் மீது பின்னால் வந்த கூட்ஸ் வண்டி மோதியது. கூட்ஸ் டிரைவரும் இறந்தார். சிக்னல் பழுதானால் வண்டியை எப்படி ஓட்டுவது என்பதில் டிரைவர்களுக்கும் ஸ்டேஷன் மாஸ்டர்களுக்கும் போதிய பயிற்சி இல்லை என்று விசாரணை அறிக்கை சொன்னது.

டிக்கெட் வாங்குகிறவர் சீட்டு நம்பரைப் பார்க்கிறார். என்ஜினில் ஏறுகிறவர் தூங்கி எழுந்து வந்தாரா என்பது எந்த டிக்கெட்டிலும் இல்லை. ஆனால் ரெயிலில் இருக்கும் அத்தனை பேர் உயிரும் அதில்தான் இருக்கிறது.