500 டாலரில் மூச்சுவிட்ட ரஷ்ய அறிவியல்: வெளிநாட்டுக் கூட்டு ஆய்வு வரமா, சார்பா?

1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியம் உடைந்தது. அடுத்த ஆண்டில் ரஷ்யாவில் விலைவாசி சுமார் 2,500 சதவீதம் எகிறியது. அரசுச் சம்பளத்தை மட்டுமே நம்பியிருந்த விஞ்ஞானிகள் என்ன ஆனார்கள்? பலருக்கு மாதக்கணக்கில் சம்பளமே வரவில்லை. வந்த பணமும் செலவழிப்பதற்குள் மதிப்பிழந்தது.

கைகொடுத்தது யார்?

1992 இறுதியில் அமெரிக்கக் கோடீஸ்வரர் ஜார்ஜ் சோரஸ், 10 கோடி டாலரில் சர்வதேச அறிவியல் அறக்கட்டளையை அறிவித்தார். முதல் வேலையாக 20,000-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளுக்குத் தலா 500 டாலர் கிடைத்தது. நம்ம கண்ணுக்குச் சின்னத் தொகைதான். அங்கே அப்போது அது ஏறக்குறைய ஓராண்டுச் சம்பளம்!

அணு ஆயுத நிபுணர்கள் வேறு நாடுகளுக்கு விலைபோய்விடுவார்களோ என்ற பயமும் இருந்தது. அவர்களை அமைதிக்கான ஆய்வுகளில் ஈடுபடுத்த, மாஸ்கோவில் 1994-ல் ஒரு சர்வதேச மையம் செயல்படத் தொடங்கியது. அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் பணம் கொடுத்தன.

கூட்டுக் கட்டுரை கூடினால் வளர்ச்சியா?

அப்படிச் சட்டென்று சொல்லிவிட முடியாது. ஓர் உதாரணம் பார்க்கலாம். ஒரு நாடு 100 ஆய்வுக் கட்டுரை வெளியிடுகிறது. அதில் 10 மட்டும் வெளிநாட்டினருடன் சேர்ந்து எழுதியவை. சில ஆண்டுகளில் மொத்தம் 60 ஆகக் குறைகிறது. கூட்டுக் கட்டுரை 15 ஆகிறது. பங்கு 10 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாக உயர்ந்துவிட்டது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் உள்ளூர் ஆய்வு சரிந்திருக்கிறதே!

கருவியும் பணமும் வெளியிலிருந்து வந்தால், எதை ஆராய்வது என்ற முடிவும் பெரும்பாலும் அங்கேதான் எடுக்கப்படும். திறமைசாலிகளும் கிளம்பிவிடுவார்கள். கிராஃபீன் ஆய்வுக்காக 2010-ல் இயற்பியல் நோபல் பெற்ற ஆந்த்ரே கெய்ம், கான்ஸ்டன்டின் நோவோசெலோவ் இருவரும் ரஷ்யாவில் படித்தவர்கள். பரிசு பெற்றபோது வேலை பார்த்தது இங்கிலாந்தின் மான்செஸ்டரில்.

போலந்து என்ன செய்தது?

அதே நெருக்கடிக் காலத்தில், 1991-ல், போலந்து ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்னில் உறுப்பினரானது. ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும். பதிலுக்கு முடிவெடுக்கும் அவையில் ஓட்டு உண்டு. ஹங்கேரி 1992-ல் சேர்ந்தது. ரஷ்யா பார்வையாளராகவே இருந்தது. உக்ரைன் போருக்குப் பிறகு அந்தத் தகுதி நிறுத்தப்பட்டது. 2024 நவம்பர் 30-உடன் ஒத்துழைப்பு ஒப்பந்தமும் முடிந்தது.

அரசியல் மாறினால் கூட்டு ஆய்வு ஒரே நாளில் அறுந்துபோகலாம். அன்றைக்கும் ஆய்வுக்கூடத்தில் விளக்கு எரிய வேண்டுமென்றால், சொந்த நாட்டு நிதி இருந்தே ஆக வேண்டும்.