உள்ளத்து நோயும் உரிய மருத்துவமும்

சங்க அகப்பாடல்களில் ஒரு காட்சி பன்முறை வருகின்றது. தலைவியின் மேனி மெலிகின்றது, உணவு செல்லவில்லை, உறக்கமும் இல்லை. காரணம் அறியாத தாய் கட்டுவிச்சியை அழைத்துக் குறி கேட்கிறாள். தெய்வக் குறை என விடை வருகின்றது. வேலன் வருகிறான், களம் அமைத்து, மறியறுத்து, வெறியாடுகிறான். நோயின் காரணம் தெரிந்தவள் தோழி ஒருத்தியே. அவள் அதனை அறிந்தது மருத்துவம் கற்றதனால் அன்று, அருகிலிருந்து கேட்டதனால்.

தலைவியின் நோய் காதல் நோயாகும். மருத்துவர் கூறும் மனச்சோர்வு நோய் வேறு. எனினும் இன்ன நோய் எனத் தெளியுமுன் இன்ன மருந்து என முடிவு செய்யும் பிழை இன்றும் நம்மிடையே உள்ளது. நானும் அப்பிழையைச் செய்தவனே. நன்கு பயின்றுவந்த மாணவர் ஒருவர், இரண்டாம் ஆண்டில் வகுப்பிற்கு வருவதைக் குறைத்தார். வந்தாலும் கடைசி இருக்கையில் தலைகவிழ்ந்திருப்பார். சோம்பல் எனக் கருதிப் பலர் முன்னிலையில் கடிந்துகொண்டேன். அதன்பின் அவர் கல்லூரிக்கே வரவில்லை. சங்கரன்கோவிலில் விசைத்தறித் தெரு ஒன்றிலிருந்த அவர் இல்லத்திற்குச் சென்றபோதுதான், இரவு முழுதும் உறங்காமலும், பகலில் குளிக்கவும் எழாமலும் அவர் மூன்று மாதங்களைக் கழித்திருந்தது தெரிந்தது.

அவருடைய தாய் வாளாவிருக்கவில்லை. எங்கள் ஊரில் கோமதியம்மன் சந்நிதியின் முன்னர் ஸ்ரீசக்கரம் அமைந்த இடம் ஒன்றுண்டு. மனம் கலங்கியோரை அங்கு அமர்த்தினால் கலக்கம் தீரும் என்பது நெடுநாளைய நம்பிக்கை. புற்றுமண்ணும் மருந்தாகக் கொள்ளப்படும். அங்கு மகனை அழைத்துச் சென்ற அவ்வம்மையார், பின்னர் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி தர்காவிற்கும் அழைத்துச் சென்று திரும்பியிருந்தார். துன்பம் வருங்கால் நம் தாய்மார்க்குச் சமய வேலிகள் பெரிதாகத் தோன்றுவதில்லை. 'இனி எங்கே போறது ஸார்?' என்று அவர் கேட்ட கேள்விக்கு அன்று என்னிடம் விடையில்லை.

இத்தகைய இடங்களை அறியாமை என ஒதுக்கிவிடுதல் எளிது. அது முழு உண்மையாகாது. தமிழகத்துச் சிற்றூர் ஒன்றில், முத்துசாமி கோவிலில் தங்கியிருந்த கடும் மனநோயாளர் 31 பேரை மருத்துவ ஆய்வாளர் ஆராய்ந்து, 2002ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டனர். மருந்தின்றியே நோய்க்குறிகளின் கடுமை ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது. அங்குச் சிறப்புச் சடங்கு எதுவும் நிகழவில்லை. அச்சுறுத்தாத இடமும் உடனிருந்த உறவினருமே பயன் தந்தன என்பது அவர்கள் கருத்து.

ஆயின் அதே நம்பிக்கையின் நிழலில் நேர்ந்த கொடுமையையும் மறத்தலாகாது. 2001 ஆகஸ்டு 6 விடியலில், ஏர்வாடியில் தனியார் நடத்திய மனநோயாளர் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையால் ஓட இயலாது 28 பேர் மாண்டனர். அஃது ஒரு கீற்றுக்கொட்டகை. உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து இதனை வழக்காக எடுத்துக்கொண்டது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், எவ்வகையிலும் நோயாளரைச் சங்கிலியிடலாகாது எனத் தடைசெய்தது. பின்னாளில் ஏர்வாடியில், 'தவா' என்னும் மருந்தும் 'துவா' என்னும் பிரார்த்தனையும் இணையும் வண்ணம், தர்காவிற்கு வருவோர்க்கு அரசு மனநல மருத்துவம் அளிக்கும் ஏற்பாடும் வந்தது. இரண்டனுள் ஒன்றையே தேர்ந்தாகவேண்டும் என்பதில்லை.

துயரத்தைப் பகுத்தறியும் முயற்சியும் புதிதன்று. இன்றைய ஆப்கானிஸ்தானத்தின் பல்குப் பகுதியில் தோன்றி 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்னும் அறிஞர், உடல் நலத்தையும் உள்ள நலத்தையும் ஒருசேர ஆராய்ந்து நூல் செய்தார். காரணம் தெரிந்த துயரம், காரணம் தெரியாத துயரம் என அவர் பிரித்தார். முன்னதற்கு எண்ணங்களைச் சீர்ப்படுத்தலும் நல்லுரையும் வேண்டும். பின்னது உடலினின்று எழுவதாகலின் உடற்கு மருந்து வேண்டும் என்றார். உடல் நலமாயுள்ளபோதே மருந்து சேர்த்து வைப்பதுபோல, உள்ளம் தெளிந்துள்ளபோதே நல்லெண்ணங்களைச் சேர்த்து வைக்குமாறும் அறிவுறுத்தினார். அவர் கூறிய உடற்கூற்று விளக்கம் இன்று நில்லாது; பகுத்துப் பார்த்த முறை நிற்கும்.

இன்றைய மருத்துவமும் முதலில் பகுத்தே காண்கிறது. இரண்டு வாரத்திற்கு மேலாக நாளின் பெரும்பகுதியும் நீங்காத சோர்வு, விரும்பியவற்றிலும் நாட்டமின்மை, உறக்கமும் பசியும் கெடுதல், தன்னையே குற்றவாளியாக எண்ணுதல் ஆகியன மனச்சோர்வு நோயின் குறிகள். தைராய்டு குறைபாடும் குருதிச் சோகையும் இதே தோற்றம் காட்டும். ஆதலின் குருதிப் பரிசோதனை தேவைப்படலாம். முன்னர் எப்போதேனும் உறக்கமே வேண்டாது அளவுகடந்த உற்சாகத்துடன் பல நாள் இருந்ததுண்டா என்பதையும் மருத்துவரிடம் கூறவேண்டும். அவ்வாறாயின் நோயும் வேறு, மருந்தும் வேறு.

இலேசான சோர்விற்குப் பேச்சுவழிச் சிகிச்சையே பெரும்பாலும் போதும். அதில் ஒரு வகை, மனம் எழுந்தபின் செயல் என்று காத்திராமல், சிறு செயலை முன்னிறுத்தி மனத்தை எழுப்புவது. காலையில் தெருமுனை வரை நடத்தல், ஒருவரிடம் பேசுதல் என அது தொடங்கும். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருத்துவரல்லாத உள்ளூர் மக்களையே பயிற்றுவித்து, ஆறு முதல் எட்டு அமர்வுகளில் இம்முறையை விக்ரம் பட்டேல் குழுவினர் அளித்தனர். கடும் சோர்வுடையோரே அதில் இடம்பெற்றனர். மூன்று மாதத்தில் இச்சிகிச்சை பெற்றோருள் 64 விழுக்காட்டினர் நோய்நிலையினின்று மீண்டனர். பெறாதோருள் 39 விழுக்காட்டினரே மீண்டனர். 2017இல் லான்செட் இதழில் இது வெளிவந்தது. தோழியின் இடத்தை ஊரார் ஒருவரே முறையாகப் பயின்று ஏற்கலாம் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

பதற்ற நோய்க்கு வழி சற்றே வேறு. தேர்வறையோ கூட்டமோ பேருந்தோ, அஞ்சியதை விலக்க விலக்க அச்சம் வளரும். ஆகவே படிப்படியாக அதனை எதிர்கொள்ளச் செய்வர். அங்ஙனம் செய்யாது, 'இன்று போகவேண்டாம், படுத்துக்கொள்' என்று நாம் காட்டும் பரிவே பலவேளை நோய்க்கு உணவாகிவிடும்.

சோர்வு கடுமையாயின் மருந்தும் பேச்சும் இணைதல் நன்று. சோர்வு நீக்கும் மாத்திரைகள் பயன்தர இரண்டு முதல் நான்கு வாரங்களோ அதற்கு மேலுமோ ஆகும். பத்தே நாளில் 'கேட்கவில்லை' என நிறுத்துவோர் பலர். அவை போதைப் பழக்கம் உண்டாக்கா. எனினும் திடீரென நிறுத்தலாகாது. குணமடைந்தபின்னும் ஆறு மாதமேனும் தொடர்தல் வேண்டும். மருந்துக்கடையில் சீட்டின்றிக் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரையே பழக்கத்தில் ஆழ்த்துவது. நாம் அஞ்சவேண்டியதற்கு அஞ்சாமல் அஞ்சவேண்டாததற்கு அஞ்சுகிறோம்.

தற்கொலை எண்ணம் ஒருவர் வாய்ச்சொல்லில் வருமாயின் எம்முறை சிறந்தது என ஆராயும் நேரம் அதுவன்று. தனியே விடாது, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் 'டெலி மானஸ்' தொலைபேசி எண் 14416இல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம்.

அம்மாணவரிடம் அன்று மாலை மன்னிப்புக் கேட்டேன். நெடுநேரம் பேசாதிருந்து, எழ முயன்றும் உடல் எழவில்லை என்று மட்டும் கூறினார். மறுவாரம் திருநெல்வேலிக்கு நாங்கள் மூவரும் சென்றோம். புறநோயாளர் வரிசையில் அமர்ந்திருக்கையில் அவர் தாய் மெல்லக் கேட்டார்: 'மாத்திரை சாப்பிட்டா கோவிலுக்குப் போகக்கூடாதா ஸார்?' மருத்துவரிடமே கேட்குமாறு கூறினேன். தாராளமாகப் போகலாம், மாத்திரை வேளை மட்டும் தவறவேண்டாம் என்றார் மருத்துவர். அம்மாணவர் ஓராண்டு தாமதமாகப் பட்டம் பெற்றார். ஆடித்தபசுக் கூட்டத்தில் ஒருமுறை தாயும் மகனுமாக எதிர்ப்பட்டனர். என்னைக் கண்டதும் அவ்வம்மையார் சுருக்குப்பையைத் திறந்து, திருநீற்றுப் பொட்டலத்தோடு இருந்த மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார்.