தண்ணீர் கம்பெனிக்கு லாபம் எங்கிருந்து வருது? திருப்பூர் கணக்கு சேலம், நாமக்கல்லுக்கு சொல்லும் பாடம்!

சேலத்துக்கு மேட்டூர் தண்ணி. நாமக்கல்லுக்கும் காவிரிதான். வருஷத்துக்கு ரெண்டு தடவை குடிநீர் கட்டணம் கட்டுறோம், ரசீதை மடிச்சு வெச்சுடுறோம். அந்தப் பணத்தில் தண்ணீர் விநியோகச் செலவு தேறுதா? இதைப் புரிஞ்சுக்க, நம்ம பக்கத்து ஊரான திருப்பூரைப் பார்க்கலாம்.

திருப்பூரில் என்ன ஸ்பெஷல்?

தமிழகத்தில் பெரும்பாலான ஊர்களுக்குக் குடிநீர் தருவது உள்ளாட்சி அமைப்புகளும், 1971-ல் உருவான குடிநீர் வடிகால் வாரியமும்தான். ஆனால் திருப்பூருக்கென 1995-ல் 'நியூ திருப்பூர் ஏரியா டெவலப்மெண்ட் கார்ப்பரேஷன்' என்ற தனி நிறுவனமே தொடங்கப்பட்டது. பவானி பகுதியில் ஆற்று நீரை எடுத்து, சுமார் 55 கி.மீ. குழாயில் கொண்டு வரும் திட்டம். மதிப்பு 1,000 கோடி ரூபாய்க்கும் மேல். நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் திறன்.

வருமானம் யார் தந்தாங்க?

சாயப்பட்டறைகள்! தொழிற்சாலைகளுக்கு ஆயிரம் லிட்டர் 45 ரூபாய் என்ற அளவில் விற்கப்பட்டது. வீடுகளுக்கான கட்டணம் அதில் சிறு பங்குதான். அதாவது, சாயப்பட்டறை கட்டும் பணத்தில்தான் கிராமத்துக் குழாயிலும் தண்ணி வந்தது.

செலவு எப்படி?

இங்கதான் சிக்கல். குழாய், பம்பு, சுத்திகரிப்பு நிலையம் எல்லாம் கடன் வாங்கிக் கட்டியவை. தண்ணி வித்தாலும் விக்காட்டியும் வட்டி ஓடும். விற்பனை குறைந்தால் குறைவது மின்கட்டணமும் ரசாயனச் செலவும் மட்டும்தான்.

ஒரு உதாரணக் கணக்கு: வருமானம் 100 கோடி. வட்டி, சம்பளம், பராமரிப்பு 80 கோடி. மின்சாரம் 10 கோடி. லாபம் 10 கோடி. இப்போ விற்பனை பாதியாகிறது. வருமானம் 50 கோடி, மின்சாரம் 5 கோடி. ஆனால் அந்த 80 கோடி அப்படியே நிற்கும். நஷ்டம் 35 கோடி!

2011-ல் நடந்தது என்ன?

நொய்யல் ஆற்று மாசு வழக்கில், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். பெரிய வாடிக்கையாளர் ஒரே நாளில் காணாமல் போனார். பின்னர் திறந்த ஆலைகளும் கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டியிருந்ததால், புதுத் தண்ணீர் தேவை குறைந்தது. நொய்யலுக்கு நல்லது, நிறுவனத்தின் கணக்குக்கு அடி. கடன் நிபந்தனைகளையே மாற்றி அமைக்கும் நிலை வந்தது.

நாம் எதைப் பார்க்கணும்?

ஒரு தண்ணீர் நிறுவனத்தின் ரிப்போர்ட் கையில் கிடைச்சா, 'லாபம்' என்ற வரியோட நிறுத்தாதீங்க. மூணு கேள்வி கேளுங்க.

1. பம்ப் செய்த தண்ணீரில் எவ்வளவுக்குப் பில் போட்டாங்க? கசிவும் திருட்டு இணைப்பும் போனால் வருமானமும் போச்சு.

2. கடன், வட்டி எவ்வளவு?

3. வருமானம் ஒரே தொழிலை நம்பி இருக்கா?

மூன்றாவது கேள்வி நமக்கு முக்கியம். சாயத்தொழில் பள்ளிபாளையம், குமாரபாளையத்திலும் இருக்கு. பெரிய வாடிக்கையாளர் போனால் மிச்சம் இருக்கும் வழி மூணுதான்: வீட்டுக் கட்டணம் ஏறணும், அரசு மானியம் தரணும், இல்லைனா பராமரிப்பு தள்ளிப்போகணும். மூணாவது நடந்தால் அது கணக்குப் புத்தகத்தில் உடனே தெரியாது. உங்க தெருக் குழாயில்தான் தெரியும்.