கைகட்டி வாய்பொத்துவதல்ல தியானம்

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் கண்மூடி அமரச் சொல்லும் பள்ளிகள் பெருகி வருகின்றன. பெற்றோருக்கும் இதில் ஆர்வம் இருக்கிறது. கைப்பேசியை விட்டுக் கண்ணெடுக்காத பிள்ளை, தேர்வு என்றதும் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்ளும் பிள்ளை, சிறு சொல்லுக்கும் வெகுண்டெழும் பிள்ளை என எல்லோருக்கும் தியானமே மருந்து என்ற நம்பிக்கை பரவியுள்ளது. அந்த நம்பிக்கை முற்றிலும் தவறன்று. ஆனால், எதைக் கற்பிக்கிறோம், எதற்காகக் கற்பிக்கிறோம் என்ற இரு கேள்விகளுக்கு விடை காணாமல் தொடங்கினால், நல்லதொரு பயிற்சியை நாமே தண்டனையாக மாற்றிவிடுவோம்.

'கையைக் கட்டு, வாயைப் பொத்து' என்பது நம் வகுப்பறைகளில் தலைமுறை தலைமுறையாக ஒலித்துவரும் கட்டளை. பல இடங்களில் தியானம் என்ற பெயரில் நடப்பது இந்தப் பழைய கட்டளையின் புதிய வடிவமே என்பதை ஆசிரியப் பணியில் இருந்த ஆண்டுகளில் நான் கண்டிருக்கிறேன். கூச்சலிட்ட வகுப்பைக் கண்மூடி உட்காரச் சொல்வார்கள். யாராவது ஓரக்கண் திறக்கிறார்களா என்று ஆசிரியர் வரிசைகளுக்கிடையே நடந்து பார்ப்பார். அந்த ஐந்து நிமிடத்தில் குழந்தை கற்றுக்கொள்வது அச்சத்தை மட்டுமே. வெளியே தெரியும் அமைதி வேறு, உள்ளே விளையும் அமைதி வேறு.

அப்படியானால் தியானம் என்பது என்ன? எண்ணமே எழாத நிலை என்று பெரியவர்களிலேயே பலர் கருதுகின்றனர். 'எதையும் நினைக்காதே' என்று குழந்தையிடம் சொல்வது, செய்ய இயலாத வேலையைக் கொடுப்பதாகும். குழந்தைகளுக்கு ஏற்ற பயிற்சி மிக எளியது. மூச்சு, ஒலி, காலடி என ஏதேனும் ஒன்றில் கவனத்தை வைக்க வேண்டும். சில நொடிகளில் மனம் வேறெங்கோ ஓடிவிடும். ஓடிவிட்டது என்பதை உணர்ந்ததும், தன்னைக் கடிந்துகொள்ளாமல் கவனத்தை மீண்டும் அழைத்து வர வேண்டும். பத்து முறை ஓடிய மனத்தைப் பத்து முறை திருப்பிக் கொண்டுவந்த குழந்தை தோற்கவில்லை. பத்து முறை பயிற்சி செய்திருக்கிறது. 'என்னால் முடியவில்லை, மனம் ஓடிக்கொண்டே இருக்கிறது' என்று அது சொன்னால், 'ஓடியதைக் கண்டுபிடித்துவிட்டாயே, அதுதான் பயிற்சி' என்பதே நாம் தர வேண்டிய மறுமொழி.

இதற்கு உடலியல் அடிப்படையும் உண்டு. மூச்சை உள்ளிழுக்கும்போது இதயத்துடிப்பு சற்றே விரைகிறது. வெளிவிடும்போது வேகஸ் நரம்பின் செயலால் துடிப்பு தணிகிறது. அதனால்தான் நீளமாக, மெதுவாக மூச்சை வெளிவிடுவது பதற்றத்தைக் குறைக்கிறது. மற்றொன்றையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும். திட்டமிடல், தன்னடக்கம், கவனத்தை நிலைநிறுத்தல் ஆகியவற்றுக்குத் துணைநிற்கும் மூளையின் முன்பகுதி முழு முதிர்ச்சி அடைய ஏறத்தாழ 25 வயது ஆகிறது. ஏழு வயதுக் குழந்தை நெளிவதும் திரும்புவதும் ஒழுங்கீனமல்ல, வளர்ச்சியின் இயல்பு. முனிவரைப் போல் அசையாதிருக்க அதனிடம் எதிர்பார்ப்பது நம் அறியாமையே.

எனவே, பெரியவர்களின் முறையைச் சுருக்கிக் கொடுத்தால் போதாது. குழந்தையின் உலகத்திலிருந்து தொடங்க வேண்டும். நான்கைந்து வயதுக் குழந்தையைப் படுக்கவைத்து, வயிற்றின்மீது ஒரு சிறு பொம்மையை வைக்கலாம். மூச்சு ஏறி இறங்கும்போது பொம்மையும் ஏறி இறங்குவதைப் பார்ப்பதே அதற்குப் போதுமான தியானம். வகுப்பில் ஒரு மணியை அடித்து, அதன் ஓசை முற்றிலும் அடங்கியதும் கையை உயர்த்தச் சொல்லலாம். முப்பது பிள்ளைகளும் கட்டளையின்றியே காதைத் தீட்டிக்கொண்டு அமைதியாவார்கள். ஏழெட்டு வயதில் ஒரு கையின் விரல்களை மறுகையின் சுட்டுவிரலால் வருடியபடி, விரலில் ஏறும்போது மூச்சை இழுத்து இறங்கும்போது விடச் செய்யலாம்.

உலகின் பல மரபுகள் இந்த எளிமையை உணர்ந்திருக்கின்றன. வியத்நாமியத் துறவி திக் நியட் ஹான் குழந்தைகளுக்காக நான்கு கூழாங்கற்களைக் கொண்டு ஒரு பயிற்சியை வகுத்தார். ஒரு கல் மலரையும், ஒன்று மலையையும், ஒன்று தெளிந்த நீரையும், ஒன்று பரந்த வெளியையும் குறிக்கும். ஒவ்வொன்றையும் கையில் ஏந்திச் சில முறை மூச்சைக் கவனித்தால் பயிற்சி முடிந்தது. விபாசனா மரபில் சிறுவர்களுக்கு, இயல்பான மூச்சைக் கவனிக்கும் 'ஆனாபான' என்ற முதற்படி மட்டுமே கற்பிக்கப்படுகிறது. அமெரிக்காவில் ஜான் கபாட்-ஜின் 1979-இல் தொடங்கிய மன அழுத்தத் தணிப்புப் பயிற்சியில், உலர்ந்த திராட்சை ஒன்றைப் பார்த்து, முகர்ந்து, மெதுவாகச் சுவைப்பது புகழ்பெற்ற பாடம். நம் பிள்ளைகளுக்கு அதைவிடப் பொருத்தமானது நெல்லிக்காய். முதலில் புளிப்பு, பிறகு துவர்ப்பு, தண்ணீர் குடித்ததும் இனிப்பு என்று நாவில் நிகழும் மாற்றத்தைத் தொடர்ந்து கவனிப்பதைக் காட்டிலும் சுவையான கவனப் பயிற்சி ஏது?

வயதுக்கு ஒரு நிமிடம் என்பது பயிற்சியாளர்கள் பலர் கடைப்பிடிக்கும் எளிய அளவு. ஆறு வயதுக்கு ஆறு நிமிடம்கூடச் சில நாள்களில் அதிகம்தான். அன்றாடம் இரண்டு நிமிடம் செய்வது, வாரத்திற்கு ஒருமுறை அரைமணி நேரம் உட்காரவைப்பதைவிட மேலானது.

இனி, பலன் பற்றிய கேள்விக்கு வருவோம். பள்ளிகளில் நடத்தப்பட்ட மிகப் பெரிய ஆய்வுகளுள் ஒன்றின் முடிவுகள் 2022-இல் பிரிட்டனில் வெளியாயின. 'மிரியட்' என்று பெயரிடப்பட்ட அந்த ஆய்வில் 11 முதல் 14 வயது வரையிலான எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பங்கேற்றனர். ஒரு பகுதிப் பள்ளிகளில், ஆசிரியர்கள் முதலில் தாங்களே பயின்று, பின்னர் மாணவர்களுக்குப் பத்துப் பாடங்களாக மனக்கவனப் பயிற்சி அளித்தனர். மற்றப் பள்ளிகளில் வழக்கமான வாழ்வியல் திறன் பாடங்களே தொடர்ந்தன. ஓராண்டுக்குப் பிறகு ஒப்பிட்டபோது மனச்சோர்வு, நடத்தை, நலவாழ்வு ஆகிய எதிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மன நலச் சிக்கலுக்கு ஆளாகும் வாய்ப்பு ஏற்கெனவே உள்ள மாணவர்களுக்கு இத்தகைய பொதுப் பயிற்சி பொருந்தாமல் போகலாம் என்ற எச்சரிக்கையும் எழுந்தது.

இதைக் கொண்டு தியானமே வீண் என்று முடிவுகட்டுவது அவசரமாகும். அதே ஆய்வு சொன்ன வேறு இரண்டு செய்திகள் உண்டு. பெரும்பாலான மாணவர்கள் வகுப்புக்கு வெளியே பயிற்சியைச் செய்யவே இல்லை. நீச்சலைப் பற்றிப் பத்துப் பாடம் கேட்டுவிட்டுக் குளத்தில் இறங்காதவர் நீந்தவில்லை என்பதில் வியப்பில்லை. அதோடு, பயிற்சி பெற்ற ஆசிரியர்களிடம் பணிச்சோர்வு சிறிது காலத்துக்கேனும் குறைந்திருந்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: எல்லோர்மீதும் பாடமாகச் சுமத்தப்படும்போது தியானம் வேர்பிடிப்பதில்லை, விரும்பிச் செய்யும் பெரியவர் ஒருவர் அருகில் இருந்தால் வேர்பிடிக்க வாய்ப்புண்டு.

நம் நாட்டில் தில்லி அரசுப் பள்ளிகளில் 2018 ஜூலையில் தலாய் லாமா தொடங்கிவைத்த 'மகிழ்ச்சிப் பாடத்திட்டம்' கவனிக்கத்தக்க முயற்சி. மழலையர் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கென வகுக்கப்பட்ட அந்தப் பாடவேளை, சில நிமிட மனக்கவனப் பயிற்சியோடு தொடங்கியது. பிறகு கதை, செயல்பாடு, கலந்துரையாடல் என்று விரிந்தது. அதற்குத் தேர்வும் இருக்கவில்லை, மதிப்பெண்ணும் இருக்கவில்லை. தியானத்தைத் தனியே பிரித்து ஒரு மாத்திரையைப்போல் விழுங்கவைக்காமல், பேசவும் கேட்கவும் இடம் தந்த அதன் அமைப்பை எவரும் பின்பற்றலாம்.

தியானம் சமயம் சார்ந்ததல்லவா என்று கேட்போர் உண்டு. திருமூலர் தம் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தை விரித்துரைக்கிறார். பௌத்தமும் கிறித்தவமும் இசுலாத்தின் சூஃபி மரபும் தத்தம் வழியில் உள்முகத் தேடலைப் போற்றியுள்ளன. வீட்டில் அவரவர் மரபின்படி கற்பிப்பது அவரவர் உரிமை. பல சமயப் பிள்ளைகளும் ஒன்றாகப் பயிலும் பள்ளியில் அளவுகோல் வேறு. முழுவதும் அரசு நிதியில் இயங்கும் கல்வி நிலையங்களில் சமய போதனை கூடாது என்கிறது நம் அரசமைப்புச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு. ஆகவே, மந்திரமோ படமோ குருவோ இல்லாமல் மூச்சையும் ஓசையையும் மட்டும் கொண்டு கற்பிப்பதே முறை. மூச்சுக்குச் சமயமில்லை. விருப்பமில்லாத பிள்ளை அமைதியாக ஓவியம் வரைய இடம் தருவதும் ஆசிரியரின் கடமை.

இன்னொரு கவனமும் தேவை. வன்முறைக்கோ பேரிழப்புக்கோ ஆளான குழந்தைக்குக் கண்ணை மூடுவதே அச்சத்தைத் தரலாம். மறக்க முயலும் காட்சிகள் இருட்டில் எழுந்து வரலாம். எனவே கண்மூடுவதைக் கட்டாயமாக்கலாகாது. தரையைப் பார்த்தபடி இருந்தாலே போதும். பயிற்சியின்போது அழும் பிள்ளையையோ நடுங்கும் பிள்ளையையோ மேலும் 'ஆழ்ந்து' அமரச் சொல்வது பெருந்தவறு. அப்பிள்ளைக்கு வேண்டியது, பேச ஒரு மனிதரும் தகுதி வாய்ந்த மன நல உதவியும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும், 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணும் ஒவ்வொரு பள்ளிச் சுவரிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

தியானத்தின் பெயரால் நடக்கும் வணிகத்தையும் பெற்றோர் இனங்காண வேண்டும். 'நடுமூளையைத் தூண்டுகிறோம்' என்று கூறிக் கண்ணைக் கட்டிப் படிக்கவைத்துக் காட்டிய பயிற்சி வகுப்புகளுக்குப் பெருந்தொகை கொட்டிக் கொடுத்தவர்கள் நம்மிடையே உண்டு. மூக்கோரத்து இடைவெளி வழியே பார்த்துத்தான் பிள்ளைகள் படித்தார்கள் என்பதைப் பகுத்தறிவாளர்கள் பலமுறை மெய்ப்பித்துவிட்டனர். நினைவாற்றல் பெருகும், மதிப்பெண் உயரும் என்று உறுதி தருபவர்களிடமிருந்து விலகி நிற்பதே நல்லது. மூச்சைக் கவனிக்கக் கட்டணம் தேவையில்லை.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது வேறொன்று. விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் பறித்துக்கொள்கிறோம். மாலையில் தனிப்பயிற்சி, இரவில் வீட்டுப்பாடம், விடியலில் மீண்டும் சிறப்பு வகுப்பு என்று பிள்ளையின் உறக்கத்தையும் குறைக்கிறோம். பிறகு, மன அழுத்தம் தீர ஐந்து நிமிடம் தியானம் செய் என்கிறோம். சுமையை இறக்காமல், அதைச் சுமக்கப் பயிற்சி தருவது அறமாகாது. ஓடியாடலும் போதிய உறக்கமும் அச்சமின்றிப் பேசும் உரிமையும் இருக்கும் இடத்தில்தான் தியானம் பயன்தரும். அவற்றுக்கு மாற்றாக அதை நிறுத்தினால், பெரியவர்களின் குற்றத்துக்குக் குழந்தையைப் பரிகாரம் செய்யவைத்தது போலாகும்.

பிள்ளைகள் சொல்வதைக் கேட்டு வளர்வதைவிடச் செய்வதைப் பார்த்தே வளர்கிறார்கள். கைப்பேசியை உருட்டிக்கொண்டே 'போய்த் தியானம் செய்' என்று சொல்லும் தந்தையின் சொல் எடுபடாது. இரவு உணவுக்குப் பின் எல்லாத் திரைகளையும் அணைத்துவிட்டு, வீட்டார் அனைவரும் இரண்டு நிமிடம் தரையில் அமர்ந்து தங்கள் மூச்சைக் கவனிக்கலாம். பிள்ளை நெளிந்தால் நெளியட்டும், சிரித்தால் சிரிக்கட்டும். முடிந்ததும் 'எப்படி இருந்தது?' என்று கேட்டு, அது சொல்லும் விடையைத் திருத்தாமல் செவிமடுக்க வேண்டும். பள்ளிகள் செய்ய வேண்டியதும் இதுவே: முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி, பறித்த விளையாட்டு நேரத்தைத் திருப்பித் தருதல், அதன் பின்னரே மாணவர்களுக்குத் தியானம்.