மூதூருக்குப் பாலங்கள் வந்தன, சைக்கிளுக்கு வழி எங்கே?

அன்றாடப் பயணங்களுக்குக் காரைக் கைவிட்டுச் சைக்கிளில் செல்லுங்கள் என்று மேல்நாட்டு நகரங்களில் நடைபெறும் பிரசாரத்தை மூதூர் மக்களிடம் அப்படியே கொண்டுசென்றால் அவர்கள் சிரிக்கவே செய்வர். கொட்டியாரக் குடாவின் தென்கரையில், மீன்பிடியையும் நெற்செய்கையையும் நம்பி வாழும் இப்பிரதேசத்தில் கார் வைத்திருக்கும் குடும்பங்கள் சொற்பமே. ஆயினும் அங்கு கார் பிடித்துக்கொண்ட இடத்தை இங்கு மோட்டார் சைக்கிளும் முச்சக்கரவண்டியும் பிடித்துக்கொண்டுள்ளன என்பதை மறுப்பதற்கில்லை. சந்தைக்கும் பாடசாலைக்கும் பிரதேச செயலகத்துக்கும், சில வேளைகளில் அடுத்த தெருவிலுள்ள கடைக்கும்கூட, இயந்திரத்தை முடுக்காமல் புறப்படுவோர் அருகிவருகின்றனர். ஒரு தலைமுறைக்கு முன்னர் இத்தூரங்களைச் சைக்கிள்தான் கடந்தது.

இம்மாற்றத்தை விளங்கிக்கொள்வதற்கு மூதூரின் புவியியலை முதலில் நோக்க வேண்டும். குடாவின் எதிர்க்கரையில் திருகோணமலை நகரம் உள்ளது. பெரிய வைத்தியசாலை, கச்சேரி, நீதிமன்றம், உயர் கல்வி என எல்லாத் தேவைகளுக்கும் நகரை நாட வேண்டியிருந்த மூதூர் மக்களுக்கு நெடுங்காலம் கடல்தான் வீதி. இறங்குதுறையில் லோஞ்ச் ஏறினால் நகரை அடைந்துவிடலாம். தரைவழியில் செல்ல விரும்பியோர் இறால்குழி, கங்கை, உப்பாறு, கிண்ணியா என ஒன்றன்பின் ஒன்றாக நீர்த்துறைகளைக் கடக்க வேண்டியிருந்தது. இல்லையெனில் கந்தளாயைச் சுற்றிச் செல்ல வேண்டும். நீரைக் கடக்கும் மிதவையைப் 'பாதை' என்றே கிழக்கு மாகாண மக்கள் அழைப்பது வழக்கம். வீதி முடியும் இடத்தில் வந்து நிற்பதையும் பாதை என்றே சொன்ன பேச்சுவழக்கு கவனிக்கத்தக்கது. அந்தப் பாதையில் சைக்கிளுக்குத் தனி அனுமதி தேவைப்படவில்லை. தள்ளிக்கொண்டு ஏறி, தள்ளிக்கொண்டு இறங்கினால் போதும்.

2009 ஒக்டோபர் 20 ஆம் திகதி, சவூதி அரேபிய நிதியுதவியுடன் அமைக்கப்பட்ட 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறந்துவைக்கப்பட்டது. பிரெஞ்சு உதவியுடன் ஏனைய துறைகளிலும் பாலங்கள் எழுந்தன. போரினாலும் 2004 ஆழிப்பேரலையினாலும் நலிவுற்றிருந்த மக்களுக்கு இது பெரும் வரப்பிரசாதம் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. நள்ளிரவில் பிரசவ வலி கண்ட தாயை நகர வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல லோஞ்சுக்காக விடியும்வரை காத்திருக்கும் நிலை ஒழிந்தது. அதேவேளை லோஞ்ச் சேவையின் முக்கியத்துவமும் படிப்படியாகக் குறைந்தது.

பாலத்துடன் காபட் வீதியும் வந்தது. காபட் வீதியுடன் வேகமும் வந்தது. இந்நாட்டின் பெரும்பாலான பிரதான வீதிகளைப் போலவே, இங்கும் மோட்டார் வாகனத்தை மனதிற்கொண்டே வீதி அகலப்படுத்தப்பட்டது. நடப்பவரும் சைக்கிளோட்டியும் ஓரத்துச் சரளைக்குத் தள்ளப்பட்டனர். இலங்கையில் வீதி விபத்துகளில் ஆண்டுதோறும் 2,000 இற்கு மேற்பட்டோர் உயிரிழக்கின்றனர். இந்நிலையில், பிள்ளையைச் சைக்கிளில் பாடசாலைக்கு அனுப்பத் தயங்கும் தாயைக் குறைசொல்ல முடியாது. அவர் தந்தையின் மோட்டார் சைக்கிளில் பிள்ளையை ஏற்றிவிடுகிறார்; அந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு இன்னொரு தாய் தயங்குகிறார்.

இந்த ஏற்பாடு எவ்வளவு பலவீனமானது என்பதை 2022 ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு ஜூன் இறுதியில் ஒரு லீற்றர் 92 ஒக்டேன் பெற்றோலின் விலை 470 ரூபாவைத் தொட்டது. அத்தியாவசிய சேவைகளுக்குத் தவிர ஏனையோருக்கு எரிபொருள் விநியோகம் நிறுத்தப்பட்டது. பின்னர் கியூஆர் குறியீட்டு முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றரும் முச்சக்கரவண்டிக்கு 5 லீற்றருமே முதலில் ஒதுக்கப்பட்டன. அப்போதைய 450 ரூபா விலையில் அந்த நான்கு லீற்றருக்கே வாரம் 1,800 ரூபா வேண்டும். நாட்கூலி பெறும் ஒரு கடற்றொழிலாளிக்கு இது சிறு தொகையன்று. குடாவின் மறுபுறத்தில், சீனன்குடாவில், ஆங்கிலேயர் விட்டுச்சென்ற 99 பாரிய எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. அவற்றைப் பங்கிடுவது குறித்து 2022 ஜனவரியில்தான் ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. அடுத்த சில மாதங்களில் அதே மாவட்டத்து மக்கள் வெற்றுக் கலன்களுடன் வரிசையில் நின்றனர். எண்ணெய்த் தாங்கி அருகிலிருப்பதால் எண்ணெய் கிடைத்துவிடுவதில்லை.

அக்காலத்தில் நாடெங்கும் மக்கள் பழைய சைக்கிள்களைத் தேடிப் பிடித்தனர். புதிய சைக்கிளின் விலை சாதாரண குடும்பத்துக்கு எட்டாத உயரத்துக்குச் சென்றது. 2023 செப்டெம்பரில் கியூஆர் முறை நீக்கப்பட்டதும் பெரும்பாலான சைக்கிள்கள் மீண்டும் சுவரோரம் சாய்ந்தன. தமிழ் மக்களுக்கு இந்த அனுபவம் புதிதுமன்று. 1990 முதல் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில் ஆசிரியர், வைத்தியர், வியாபாரி, மாணவர் என அனைவரையும் சுமந்தது சைக்கிளே. விறகும் நெல்மூட்டையும் நோயாளியும் அதன் கரியரில் ஏறிச் சென்றதைக் கண்டவர்கள் இன்றும் உள்ளனர். ஆனால் தடை நீங்கிய பின்னர் அங்கும் வீதிகள் சைக்கிளுக்காகத் திருத்தப்படவில்லை. நெருக்கடியின்போது மட்டும் கைகொடுத்து, நெருக்கடி தீர்ந்ததும் வறியவனின் வண்டியாகிவிடுவதே நம்மிடையே சைக்கிளின் விதியாக இருந்து வருகிறது.

வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. சைக்கிள் நாடு என்று இன்று புகழப்படும் நெதர்லாந்தில், இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் கார்கள் பெருகி, சைக்கிள் வீதியிலிருந்து விரட்டப்பட்டுக்கொண்டுதான் இருந்தது. 1971 இல் அச்சிறு நாட்டில் வீதி விபத்துகளில் ஏறக்குறைய 3,300 பேர் மாண்டனர். அவர்களுள் 400 இற்கு மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர் வீதிக்கு இறங்கிப் போராடினர். 1973 இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது அரசு ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத்தைத் தடைசெய்தது. நெருக்கடி தணிந்த பின்னர் நகரசபைகள் தனிச் சைக்கிள் பாதைகளைக் கட்டத் தொடங்கின. அங்கு நெருக்கடியின் நினைவு கல்லிலும் தாரிலும் பதிந்தது. 2022 இன் நினைவாக நம்மிடம் எஞ்சியிருப்பது வரிசைகளின் புகைப்படங்கள்தாம்.

சைக்கிள் ஏழைக்குரிய ஆறுதற் பரிசு என்ற எண்ணமும் மாற வேண்டும். ஆழிப்பேரலைக்குப் பின்னர் 2005 இல் இலங்கையில் தொடங்கப்பட்ட 'வேர்ல்ட் பைசிக்கிள் ரிலீஃப்' என்ற அமைப்பு, பாதிக்கப்பட்ட மக்களுக்கு 24,000 இற்கு மேற்பட்ட சைக்கிள்களை வழங்கியது. வீடிழந்தவருக்கு முதலில் தேவைப்படுவது தொழிலுக்கும் பாடசாலைக்கும் சென்றுவரும் வழி என்பதை அந்நிறுவனத்தார் உணர்ந்திருந்தனர். தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில் 1990 களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் கிராமத்துப் பெண்களுக்கு எழுத்துடன் சைக்கிளையும் கற்பித்தது. தண்ணீருக்கும் வேலைக்கும் ஆண் துணையை எதிர்பார்த்திருந்த பெண்கள் தாமே புறப்பட்டனர். மூதூரில் இது இன்னும் பொருத்தமானது. மோட்டார் சைக்கிள் பெரும்பாலும் வீட்டுத் தலைவனின் கையிலேயே உள்ளது. அவன் கடலுக்கோ வயலுக்கோ சென்றபின் மனைவிக்கும் மூத்தோருக்கும் எஞ்சுவது காற்செருப்பும் முச்சக்கரவண்டிக் கூலியுமே.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழும். கொளுத்தும் வெயிலில் சைக்கிள் மிதிப்பது யார்? நியாயமான கேள்வி. ஆனால் பாடசாலையும் அலுவலகமும் சந்தையும் கூடுவது காலையில், நிலமோ சமதரை. வெயிலுக்கு மருந்து மரநிழல். வீதியை அகலப்படுத்துவதற்காக மரங்களைத் தறித்துவிட்டு, வெயிலைக் காரணங்காட்டிச் சைக்கிளை ஒதுக்குவது விசித்திரமான வாதம்.

சைக்கிள் ஓட்ட இயலாதோர் பற்றிய கேள்வி இதைவிடப் பாரதூரமானது. 2006 ஆகஸ்டில் மூதூரிலிருந்தும் சம்பூரிலிருந்தும் ஊரோடு இடம்பெயர்ந்த மக்களிடையே போரில் அங்கம் இழந்தோர் பலர். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996 இலேயே இயற்றப்பட்டது. பொது இடங்கள் அனைவரும் அணுகக்கூடியனவாக இருத்தல் வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006 இல் வர்த்தமானியில் வெளியாகின. உயர் நீதிமன்றம் 2011 இல் அதை வலியுறுத்தியது. எனினும் நமது பஸ்களின் முதற்படி, முழங்கால் வலியுள்ள மூதாட்டிக்கே மலையாக நிற்கிறது. சக்கர நாற்காலியைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஆனால் சைக்கிளுக்கு ஏற்ற வீதி சக்கர நாற்காலிக்கும், கையால் சுழற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டிக்கும் ஏற்றதாகவே இருக்கும். சரளையில்லாத ஓரம், ஏற்றமில்லாத மதகு, சரிவான விளிம்பு ஆகியவை இம்மூன்றுக்கும் பொதுவானவை.

மாற்று வழியின்றி மக்களை விட்டுவிடுவதன் விளைவை நாம் அண்மையில்தான் கண்டோம். 2021 நவம்பர் 23 ஆம் திகதி காலை, கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் புதிதாகக் கட்டப்படுவதற்காக மூடப்பட்டிருந்த நிலையில் மக்களை ஏற்றிச்சென்ற மிதவை கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்பட 6 பேர் அன்றே உயிரிழந்தனர். பாலம் கட்டுவது எவ்வளவு அவசியமோ, கட்டி முடியும்வரை நடந்து செல்பவன் எப்படிக் கடப்பான் என்று திட்டமிடுவதும் அவ்வளவு அவசியம்.

மூதூரின் வீதிகளுக்கு எசமானர் மூவர். பிரதான வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், இடைத்தர வீதிகள் மாகாண நிருவாகத்துக்கும், உள்வீதிகள் பிரதேச சபைக்கும் உரியன. கட்டைபறிச்சானிலிருந்து நகருக்கு மிதித்துவரும் ஒரு மாணவிக்கு இந்த எல்லைகள் தெரியாது. எங்கே ஓரம் முடிகிறது என்பது மட்டுமே தெரியும். முதல் இரு எசமானரும் தொலைவில் உள்ளனர். பிரதேச சபையோ, 2023 மார்ச்சிலிருந்து மக்கள் பிரதிநிதிகள் இன்றி இயங்கி, 2025 மே 6 ஆம் திகதித் தேர்தலின் பின்னர் மீண்டும் அவர்களின் கைக்கு வந்துள்ளது. பாடசாலை வாசல்களில் வேகத்தடை, சந்தையிலும் இறங்குதுறையிலும் நிழலுள்ள சைக்கிள் தரிப்பிடம், உள்வீதிகளில் சீரான ஓரம், இருபுறமும் வேம்பு அல்லது மருது என்பன கோடிக்கணக்கில் கடன் வாங்கிச் செய்யவேண்டிய காரியங்களல்ல. சபையின் வருடாந்த வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு பத்திக்குள் அடங்குவன. கரியரில் சைக்கிளை ஏற்றிச் செல்லும் பஸ்ஸையும், சைக்கிளுடன் ஏறக்கூடிய லோஞ்சையும் இலங்கைப் போக்குவரத்துச் சபையிடமும் மாவட்டச் செயலகத்திடமும் கோரிப் பெறுவது அதற்கு அடுத்த வேலை.