விருப்பங்களை நினைவில் வைக்கும் கோப்பு

ஒரே கணினியைப் பலர் பயன்படுத்தினாலும், எல்லாருடைய தேவையும் ஒன்றாக இருப்பதில்லை. பார்வைக் குறைபாடு உள்ளவருக்குப் பெரிய எழுத்துகள் வேண்டும். சிலருக்குக் கறுப்புப் பின்னணி வசதியாக இருக்கும். வேறு சிலர் கட்டளைகள் தமிழில் இருப்பதை விரும்புவர். ஒருமுறை தெரிவு செய்த இவ்விருப்பங்கள், மறுநாள் மென்பொருளைத் திறக்கும்போதும் மாறாமல் இருக்கின்றன. இஃது எவ்வாறு நிகழ்கிறது?

மென்பொருள் இயங்கும்போது, அதற்குத் தேவையான தகவல்கள் கணினியின் தற்காலிக நினைவகத்தில் இருக்கும். மென்பொருளை மூடியதும் அவை அழிந்துவிடும். ஆகவே, பயனரின் விருப்பங்களை வன்தட்டில் ஒரு கோப்பாகச் சேமிக்க வேண்டும். இதனையே அமைவுக் கோப்பு என்பர்.

இவ்விருப்பங்களை மென்பொருளின் சொந்தக் கோப்புகளுக்குள்ளேயே எழுதிவிடலாமே என்ற கேள்வி எழலாம். அவ்வாறு செய்தால் மூன்று சிக்கல்கள் தோன்றும். முதலாவதாக, மென்பொருளைப் புதுப்பிக்கும்போது பழைய கோப்புகளின் இடத்தில் புதிய கோப்புகள் வந்துவிடும். பயனரின் விருப்பங்களும் அவற்றோடு மறைந்துவிடும். இரண்டாவதாக, ஒருவர் செய்த மாற்றம் அக்கணினியைப் பயன்படுத்தும் அனைவரையும் பாதிக்கும். மூன்றாவதாக, மென்பொருள் நிறுவப்பட்டுள்ள கோப்புறையில் எழுதும் உரிமை பெரும்பாலும் கணினி நிர்வாகிக்கு மட்டுமே இருக்கும். எனவேதான், அமைவுக் கோப்பு ஒவ்வொரு பயனரின் தனிக் கோப்புறையிலும் தனித்தனியாக வைக்கப்படுகிறது.

பல அமைவுக் கோப்புகள் எளிய உரையாகவே இருக்கும். ‘எழுத்தளவு = 18’ என்பதுபோல, ஒரு பெயரும் அதற்குரிய மதிப்பும் ஒவ்வொரு வரியிலும் இடம்பெறும். மென்பொருள் தொடங்கும்போது, அதனை உருவாக்கியவர்கள் முன்னரே வகுத்த இயல்பு மதிப்புகளை முதலில் எடுத்துக்கொள்ளும். பின்னர், அமைவுக் கோப்பைப் படித்து, பயனர் மாற்றியவற்றை அவற்றின் மேல் பொருத்தும். இதனால், மாற்றப்பட்ட மதிப்புகளை மட்டும் சேமித்தாலே போதும். பயர்பாக்ஸ் உலாவி இம்முறையைப் பின்பற்றுகிறது.

இந்த ஏற்பாட்டால் இன்னொரு நன்மையும் உண்டு. அமைவுக் கோப்பு பழுதடைந்தால், மென்பொருள் திறக்க மறுக்கலாம் அல்லது தாறுமாறாக இயங்கலாம். அப்போது மென்பொருளை மூடிவிட்டு, அக்கோப்பின் பெயரை மாற்றிவைத்தால் போதும். மென்பொருள் மீண்டும் இயல்பு மதிப்புகளுடன் தொடங்கும். பயனர் எழுதிய கட்டுரைகளும் பிற ஆவணங்களும் வேறிடத்தில் இருப்பதால் அவற்றுக்குப் பாதிப்பு ஏற்படாது.

இம்முறை நெடுங்காலமாகவே வழக்கில் உள்ளது. யூனிக்ஸ் இயங்குதளத்தில், புள்ளியில் தொடங்கும் பெயருடைய கோப்புகளில் விருப்பங்கள் சேமிக்கப்பட்டன. அக்கோப்புகள் வழக்கமான பட்டியலில் தென்படுவதில்லை. தொடக்கக்கால விண்டோஸ் இயங்குதளத்தில் ‘ஐஎன்ஐ’ எனும் வகைக் கோப்புகள் பயன்பட்டன. 1995இல் வெளிவந்த விண்டோஸ் 95, ‘ரெஜிஸ்ட்ரி’ எனப்படும் பொதுத் தரவுத்தளத்திற்கு முதன்மை அளித்தது. எனினும், தனிக் கோப்புகளைப் பயன்படுத்தும் மென்பொருள்கள் இன்றும் பல உள்ளன.

அமைவுக் கோப்பைக் கையாள்வதில் கவனமும் தேவை. எளிய உரையாக உள்ள கோப்பை அதனைத் திறக்கும் எவரும் படித்துவிடலாம் என்பதால், கடவுச்சொற்களை அதில் அப்படியே எழுதிவைக்கக் கூடாது. சேமிக்கும் வேளையில் மின்சாரம் தடைபட்டால் கோப்பு அரைகுறையாகிவிடும் வாய்ப்பும் உண்டு. இதனைத் தவிர்க்க, நல்ல மென்பொருள்கள் புதிய மதிப்புகளை முதலில் ஒரு தற்காலிகக் கோப்பில் முழுமையாக எழுதுகின்றன. அதன்பின்னரே பழைய கோப்பின் இடத்தில் அதனை வைக்கின்றன.

பெரிய எழுத்துகள் இல்லாமல் திரையைப் படிக்க இயலாத ஒருவருக்கு, அந்த அமைவு வெறும் அலங்காரமன்று. கணினியைப் பயன்படுத்துவதற்கான வழியே அதுதான். மென்பொருள் எத்தனை முறை புதுப்பிக்கப்பட்டாலும் அவ்வழி அடைபடாமல் காப்பது, அவருக்கென ஒதுக்கப்பட்ட அந்தச் சிறு கோப்பே ஆகும்.